இந்த வரி உன்னை என்ன செய்கிறது?

1

ஹட்டனில் சிறு பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், சீமை வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி மறுபடியும் கேட்டிருக்கிறார். பனி கொட்டுவதைப் பற்றி எழுதலாமாம். மகாராணியின் அரண்மனையைப் பற்றி எழுதலாமாம். முடிவில் பிறந்த மண்ணை நினைத்து உருகினால் வாசகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றும் யோசனை சொல்லியிருக்கிறார்.

பனி விழும்போது மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். விடிந்து வேலைக்குப் போகிற நேரத்தில் சாக்கடை நிறமாகி ஆளை வழுக்கிவிடும். அரண்மனையை நான் பார்த்ததில்லை. நான் இருப்பது வட இங்கிலாந்தில், கம்பளி ஆலைகளின் புகைக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு ஊர். இங்கே துணி காயப்போட்டால் அழுக்காகித்தான் திரும்பி வரும். நாம் மலையில் பறித்து அனுப்புகிற தேயிலையின் தூசியைக் கொதிக்கவைத்து, அதில் பாலைக் கொட்டி, சேற்று நிறமாக்கிக் குடிக்கிறார்கள். குடித்துவிட்டு, "அருமையான தேநீர், உங்கள் ஊர்த் தேநீர்" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஏதோ நான்தான் ஊற்றிக் கொடுத்தது போல.

உருகுவதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் எதற்கு உருக வேண்டும், எவ்வளவு உருக வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வந்தவர்களின் கதை இது.

நான் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பயிலுனர்களுக்குப் பாடம் நடத்தும் உத்தியோகத்துக்குப் போகவேண்டுமானால் ஆங்கில இலக்கியத்தில் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று மேட்ரன் சொன்னார். படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுக்க இலக்கியம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நகரசபை நடத்தும் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

எங்கள் ஆசிரியை மிஸ் ஹார்டிங். கனிவான பெண். அந்தக் கனிவுதான் தாங்க முடியாது. பாடப் புத்தகத்திலிருந்து ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதுவார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இந்த வரி உங்களை என்ன செய்கிறது? புத்தகத்தில் இருப்பதை எழுதாதீர்கள். உங்களுக்குள் நடப்பதை எழுதுங்கள்" என்பார்.

முதலில் வந்தது மழையைப் பற்றிய வரி. சின்ன வயதில் கூரைமேல் கேட்ட மழை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் என்ற பொருளில் ஏதோ. நான் எழுதினேன்: "எங்கள் லயத்தின், தோட்டத்து வரிசை வீடுகளின், தகரக் கூரையில் மழை பிடித்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராச் சண்டைகூட நின்றுவிடும். அதனால் எனக்கு மழை பிடிக்கும்."

எழுதிக் கொடுத்த கொப்பி திரும்பி வந்தது. சிவப்பு மையில் மிஸ் ஹார்டிங் எழுதியிருந்தார்: "இதில் நீங்கள் இல்லையே! உங்கள் தேயிலை மலைகள் எங்கே? உங்கள் துயரம் எங்கே?"

பஸ்ஸில் போகும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன் ஹட்டனில் வேறொருவர் இதே சிவப்பு மையில், "உன் லயத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வா. இங்கே இலக்கியம் நடக்கிறது" என்று எழுதியிருந்தார்.

2

அவர் டானியல் மாஸ்டர்.

என் அப்பா மாரிமுத்து, நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டுகிற வேலை பார்த்தார். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தாள். லயத்துப் பிள்ளைகள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு கூடையைத் தூக்குவதுதான் வழக்கம். ஆஸ்பத்திரி டொக்டர் யாரிடமோ சொல்லி, என்னை ஹட்டனில் மிஷன் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அங்கே பெரிய வகுப்புக்கு வந்ததும் ஆங்கில இலக்கியத்துக்கு டானியல் மாஸ்டர்.

எந்த வெயிலுக்கும் டை கட்டுவார். தன் ஊர் கண்டி என்று சொல்லிக்கொள்வார். வகுப்பில் ஒரு சொல் தமிழ் வராது. பள்ளிக்கூடச் சேவகனிடம் மட்டும், அதுவும் திட்டுவதற்கு, தமிழ் வரும். எங்களுக்குப் புத்தக வரிகளைக் கொடுத்து, அவை எங்கள் மனதில் எழுப்பும் உணர்ச்சிகளை எழுதச் சொல்வார். எழுப்ப வேண்டிய உணர்ச்சிகளையும் அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். வசந்தம் பற்றிய வரியென்றால் பரவசம். மாலை நேரம் என்றால் இனம் தெரியாத சோகம். கடல் என்றால் பிரமிப்பு. வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை, எல்லோரும் பிரமித்தார்கள்.

ஒருநாள் தாய்நாட்டைப் பற்றிய வரி வந்தது. தன் நாட்டு மண்ணை மிதிக்கும்போது மனிதனுடைய பாதம் அதைத் தானாகவே அறிந்துகொள்ளும் என்று யாரோ ஒரு கவிஞர் பாடியிருந்தார். இதற்குரிய உணர்ச்சி பெருமிதம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

நாற்பத்தெட்டாம் வருஷத்து இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து ஜனங்களான எங்களை ஒரு நாட்டுக்கும் உரியவர்கள் இல்லாமல் ஆக்கியிருந்த காலம். அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன்: "என் பாதத்துக்கு இதுவரை தெரிந்தது அட்டைக் கடி மட்டும்தான். இந்த மண் எங்களுடையதா என்று அப்பா மனுப் போட்டுக் கேட்டிருக்கிறார். பதில் வந்ததும் பாதத்துக்குச் சொல்கிறேன்."

மாஸ்டர் என்னை, உட்காரும் வாங்குமேல் ஏறி நிற்கச் சொன்னார். கொப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து வகுப்புக்குக் காட்டினார்.

"இது ரசனை இல்லை. இது அரசியல்," என்றார் ஆங்கிலத்தில். "உன் பாதத்தை யார் கேட்டார்கள்? கவிஞனுடைய பாதத்தைப் பற்றி எழுது."

மணியடிக்கும்வரை வாங்குமேல் நின்றேன். என் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் மாஸ்டரின் வழுக்கையைத்தான் பார்த்தேன். மேலேயிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

3

அந்த மழைக்காலம் முடிவதற்குள் விசாரணைக்கு நுவரெலியா அரசாங்கக் கச்சேரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, சிங்களம் சந்தை அளவுக்குத்தான். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் கொடுத்த பழைய கோட்டைப் போட்டிருந்தார். தோள்பட்டை அவருக்குப் பெரிசு.

விசாரணை அறைக்கு வெளியே நீளமாக ஒரு வாங்கு. மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த ஜனங்கள், மடியில் காகிதக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வாங்கின் கோடியில், எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் தள்ளி, டை கட்டிக்கொண்டு டானியல் மாஸ்டர் இருந்தார். அவர் மடியிலும் காகிதக் கட்டு.

என்னைப் பார்த்ததும் சுவரைப் பார்த்தார். நான் அப்பாவிடம், "எங்க சாரு" என்றேன். அப்பா எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, தம்பி! நீங்க கந்தப்பளை பெரியான் கங்காணி பேரன் தானே? நான் அந்தப் பக்கம் வேல செஞ்சப்ப, ஒங்க தாத்தாவுக்குக் கால்ல புண்ணு வந்தா நான்தானுங்க வந்து கட்டுவேன். நீங்க சின்னப் புள்ள."

மாஸ்டர் ஆங்கிலத்தில், "மன்னிக்க வேண்டும், என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றாரு?"

"ஒன்னுமில்லப்பா. ஆளு வேறயாம்."

மாஸ்டரை முதலில் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே நடப்பது வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க விரும்புவதற்குக் காரணம் என்ன?"

மாஸ்டர் எழுந்து நின்றார். டையைச் சரிசெய்தார். வகுப்பில் வாசிக்கும் அதே குரலில், அந்தப் பாதத்து வரியை முழுசாகச் சொன்னார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "இதைச் சொன்னது யார்?"

மாஸ்டர் கவிஞரின் பெயரைச் சொன்னார்.

"அவர் இப்போது எங்கே இருக்கிறார்?"

"அவர்... இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது, சார்."

"அப்படியானால் அவரைச் சாட்சியாக எடுக்க முடியாது. உமது தாத்தாவின் பெயர் எந்தத் தோட்டத்தில் பதிவாகியிருக்கிறது? அதைச் சொல்லும்."

அதிகாரி கேலி செய்தாரா, மெய்யாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. மாஸ்டர் மிகவும் தாழ்ந்த குரலில் கந்தப்பளைத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னார். பிறகு இன்னும் தாழ்வாக, "பெரியான். கங்காணி" என்றார்.

அப்பா என் காதருகே குனிந்து, "நான் சொன்னேன்ல?" என்றார். குத்திக்காட்டுகிற குணம் அவருக்குக் கிடையாது. தன் ஞாபகம் பிழைக்கவில்லை என்ற சந்தோஷம்.

அடுத்து அப்பா முறை. அதிகாரிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

"இங்க நிரந்தரமாத் தங்கணும்னு ஏன் ஆசைப்படுறே?"

அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆசைன்னு இல்லைங்க. நான் எங்கயும் போகலைங்களே. இங்கதான இருக்கேன்."

மொழிபெயர்ப்பாளர் அதிகாரி பக்கம் திரும்பி, "இவருக்குக் காரணம் எதுவும் இல்லை" என்றார்.

நான் எழுந்து, "அவர் அப்படிச் சொல்லவில்லை, சார்" என்றேன் ஆங்கிலத்தில். என் ஆங்கிலம் டானியல் மாஸ்டருடைய ஆங்கிலம். உச்சரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"மனுதாரர் நீரா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை, சார்."

"அப்படியானால் உட்காரும்."

உட்கார்ந்தேன். அப்பா கல்யாணத்துக்காக ஒருமுறை இந்தியா போய்ச் சில மாதம் தங்கியிருந்ததைப் பற்றி அதன்பிறகு நிறையக் கேட்டார்கள். ஏன் போனாய், ஏன் உடனே வரவில்லை, வந்தது ஏன்? நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று பின்னர் பதில் வந்தது. மாஸ்டருக்குக் கிடைத்துவிட்டது. கவிஞரால் அல்ல, மாதா கோயிலில் அவர் குடும்பத்து ஞானஸ்நானப் பதிவுகள் தலைமுறை தலைமுறையாக இருந்தன.

அன்று கச்சேரியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்தார். பிறகு, "ஒங்க சாரு எவ்வளவு அழகாப் பேசுனாரு. நான்தான் சரியாச் சொல்லல போலருக்கு" என்றார்.

"நீங்க சொன்னதுதாம்ப்பா சரி."

"சரியா இருந்தா எழுதிக்கிட்டிருப்பாங்கல்ல?"

இலக்கியத்துக்கும் விமர்சனத்துக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த பெரிய அடி அதுதான்.

அப்பாவுக்கு மறுப்பு வந்த வாரம், வகுப்பில் பரீட்சைக்கு ஆயத்தமாக அதே வரியை மாஸ்டர் மறுபடி கொடுத்தார். பாடத்திட்டத்தில் இருந்தது, அவருக்கு வேறு வழியில்லை. நான் எழுதினேன்: "நல்ல வரி. விசாரணையில் செல்லாது." அவ்வளவுதான்.

என் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தார். வாங்குமேல் ஏறச் சொல்வார் என்று நான் எழுந்திருக்கப் போனேன். அவர் குனிந்து, தமிழில், நம்ம பேச்சில் கேட்டார்: "ஒங்க அப்பாவுக்குக் கெடச்சிச்சா?"

"இல்லைங்க சார்."

மார்க் போடாமல் கொப்பியை மூடி வைத்தார். அடுத்த பிள்ளையிடம் போகும்போது மறுபடியும் ஆங்கிலம்.

அவரை முழுசாக வெறுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு கேள்வியால் அதைக் கெடுத்துவிட்டார். அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. பிறகு நேர்ஸ் படிப்புக்கு நற்சான்று கேட்டுப் போனபோது, "பணிவானவள், ஆங்கில இலக்கியத்தில் நுண்ணிய உணர்வு கொண்டவள்" என்று எழுதிக் கொடுத்தார். இரண்டும் பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதைக் கொண்டுதான் இங்கே வந்தேன்.

4

கப்பலேற ஒரு பாஸ்போட் வேண்டும். பிறந்த நாடு தரவில்லை. கண்டியில் இருக்கும் இந்திய அலுவலகத்தில் பதிந்து, கண்ணால் கண்டிராத ஒரு நாட்டின் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டேன். இங்கிலாந்துத் துறைமுகத்தில் குடிவரவுக்காரர், "இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்டார். அப்பாவுடைய ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அழகான ஊரா?" என்றார். "ரொம்ப அழகு" என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியப்போவதில்லை.

இப்போது இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் உட்கார்ந்து பேசி, நம்மைத் தலை எண்ணிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்று நண்பரின் பத்திரிகையில்தான் படித்தேன். அப்பா எந்தப் பங்கில் விழுவார் என்று அவருக்கே தெரியவில்லையாம். காரணம் எதுவும் இல்லாத மனிதர். எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம்.

இந்தச் செய்தியைப் படித்த வாரத்தில்தான் மிஸ் ஹார்டிங் என் துயரத்தைக் கேட்டிருந்தார். அடுத்த கொப்பியில் கொடுத்தேன். மேகம் தவழும் மலை. முதுகில் கூடையோடு அம்மா. அட்டை கடித்த கால். மாலையில் கண்ணீரோடு ஒரு தாலாட்டு. என் அம்மா ஆயுளில் தாலாட்டுப் பாடியதில்லை. களைத்துப்போய் எங்களுக்கு முன்பே தூங்கிவிடுவாள்.

மிஸ் ஹார்டிங் அதை வகுப்பில் வாசித்தார். நடுவில் குரல் தழுதழுத்தது. ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். வகுப்பு முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அம்மாவுக்கு என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு இதுவரை கிடைக்காத மார்க் அதற்குக் கிடைத்தது. ஹட்டனில் நான் ஆங்கிலேயனைப் போல உணரவேண்டியிருந்தது. இங்கே ஆங்கிலேயர்களுக்காகக் கூலிக்காரியைப் போல உணரவேண்டியிருக்கிறது. எனக்கு நிஜமாக வந்தது யாருக்கும் வேண்டாம்.

பஸ் தரிப்பில் கிளிஃப்டன் நின்றுகொண்டிருந்தார். ஜமைக்காக்காரர், பஸ் கண்டக்டர், எங்கள் வகுப்பில் பின்வரிசை. மழை தூறிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், ஒன்று கேட்கலாமா? அதில் எவ்வளவு நிஜம்?"

அவரை ஏறிட்டுப் பார்த்தேன். முகத்தில் கனிவு ஒரு துளியும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

"கூடை நிஜம்," என்றேன்.

அவர் வெடித்துச் சிரித்தார். "போன மாதம் நான் கரும்புத் தோட்டத்தைப் பற்றி எழுதி அந்த அம்மாவை அழவைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நான் டவுன்காரன். என் அப்பா தையல்காரர். கரும்பைச் சந்தையில்தான் பார்த்திருக்கிறேன்."

இந்த நாட்டுக்கு வந்தபிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

5

யோசனை யாருடையது என்று இப்போது சொல்ல முடியாது. அடுத்த வாரம் அவர் பெயரில் நான் எழுதினேன், என் பெயரில் அவர் எழுதினார். கரும்பு எந்த மாதத்தில் வெட்டுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது; வெட்டினேன். தேயிலை மரம் தென்னை உயரம் இருக்கும் என்று கிளிஃப்டன் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் எழுத்தில் என் அம்மா ஏணி வைத்து ஏறிக் கொழுந்து பறித்தாள். நான் திருத்தவில்லை. அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

மிஸ் ஹார்டிங் என் கொப்பியைத் திருப்பித் தரும்போது கண் கலங்கியிருந்தார். ஏணிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "கடைசியில் உங்கள் சொந்தக் குரலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்!"

பின்வரிசையில் கிளிஃப்டன் இருமிக்கொண்டே இருந்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பாவம் அந்த அம்மா, நல்ல மனசு என்பீர்கள். நல்ல மனசுதான். அதைச் சகித்துக்கொண்டு பிழைப்பது எப்படி என்பதை, பனியைப் பற்றி எழுதுகிறவர்கள் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

கடைசிப் பரீட்சைத் தாளை வேறு ஊரில் யாரோ திருத்துவார்கள். தாளில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். எழுதினவள் எந்த மலைக்காரி என்று அவருக்குத் தெரியாது. அதில் வந்த வரி, ஊரைவிட்டுப் போகிறவன் தன் வீட்டை நெஞ்சில் சுமந்துகொண்டு போகிறான் என்பது. யார் மூக்கைச் சிந்துவார்கள் என்று நினைக்காமல் எழுதினேன்.

தேறினேன். நடுத்தரமான மார்க். பாடம் நடத்தும் உத்தியோகத்துக்கு அது போதும். கிளிஃப்டனும் தேறினார், தையல் மெஷினைப் பற்றி எழுதினாராம்.

மிஸ் ஹார்டிங்குக்கு மட்டும் திருப்தியில்லை. வாசலில் என்னை நிறுத்தி, "இன்னும் நிறைய வாங்கியிருக்க வேண்டியவர் நீங்கள். அப்படி என்னதான் எழுதினீர்கள்?" என்று கேட்டார்.

எழுதியதைச் சொன்னேன்: "நாங்கள் குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அப்பா வேலையை விட்டு நின்றதும் தோட்டத்தை நடத்தும் துரை அதை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார். அதை நான் நெஞ்சில் சுமந்துகொண்டு வந்திருந்தால் என்மேல் களவு வழக்குப் போட்டிருப்பார்கள். அதனால் வெறுங்கையோடுதான் வந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது கண்ணீர் தென்படுகிறதா என்று தேடினார் போலும்.

"ஆனால்... அது ஒரு உணர்ச்சியே இல்லையே, புஷ்பா," என்றார்.

"அதுதான் மிஸ், எனக்கு வந்தது," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.